அப்பா பெயரில் ஓடும் கோடு

கோட்டைக்குள், திருவனந்தபுரம்
மாசி மாதம், வெள்ளிக்கிழமை

சௌபாக்கியவதி ஸ்ரீலக்ஷ்மிக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதங்கள், மாப்பிள்ளை கைலாஷுக்கும் குட்டிக்கும் அப்படியே. இங்கே நான் சௌக்கியம் என்று எழுதத்தான் கை போகிறது, அது பழக்க தோஷம், சௌக்கியமா இல்லையா என்பதை இதை முழுக்கப் படித்துவிட்டு நீயே சொல்லு. அங்கே குளிர் கொஞ்சமாவது குறைந்ததா, குழந்தைக்குச் சளி விட்டதா, நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, பால் கொடுக்கிறவள் வயிற்றைக் காயப்போடக் கூடாது. போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தேன், குழந்தை அழுதது, இல்லாவிட்டால் நீ அழுதாய், அதுவும் இல்லாவிட்டால் நானே சிக்னல் சரியில்லை என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். கடிதமென்றால் யாரும் குறுக்கே பேச முடியாது பார். மாப்பிள்ளையோடு வேலை பார்க்கும் ஜெயகுமாரின் அம்மா சுசீலாபாய் அடுத்த வாரம் கால்கரிக்கு வருகிறார், அவர் பெட்டியில் அங்காயப் பொடி, சுக்குப் பொடி, குட்டிக்கு இரண்டு பருத்திச் சட்டை, இவற்றோடு இதையும் வைத்து அனுப்புகிறேன். குழந்தை தூங்குகிற நேரமாகப் பார்த்து உட்கார்ந்து படி.

அப்பாவுக்கு முதன்முதலில் சர்க்கரை பார்க்கிற அந்தச் சென்சரை மாட்டிய நாள் நினைவிருக்கிறதா. நீ கடைசியாக வந்திருந்தபோது பிடிவாதம் பிடித்து வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாய். விரலைக் குத்திக் குத்தி நுனியெல்லாம் காய்த்துப் போச்சு என்று தினமும் முனகிய மனுஷர், இதைக் கண்டதும் ‘நான் என்ன பஸ்ஸா, என் மேல ஸ்டிக்கர் ஒட்டறதுக்கு’ என்று குதித்தார். நம் மாடியில் குடியிருக்கும் ஷைலஜாதான், நர்ஸ் ஆயிற்றே, மேல்கையின் பின்பக்கத்தைத் துடைத்து, காயவிட்டு, டப்பென்று ஒரு அழுத்து அழுத்தினாள். ‘கழிஞ்ஞு மாமா’, ஆயிற்று என்று அவள் டப்பாவையும் மூடிவிட்டாள், இவர் இன்னும் கண்ணை இறுக்கிக்கொண்டு ‘ம், குத்தறதானா குத்து’ என்கிறார். அந்தச் சனிக்கிழமையே வழக்கம்போல உடம்பு முழுக்க நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார், வெந்நீரை ஊற்றியதும் அது வழுக்கிக்கொண்டு போய்ச் சாக்கடைத் துவாரத்தில் நின்றது. அதற்கப்புறம் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு எண்ணெய் தேய்க்கப் பழகினார். கோயிலுக்குப் போவதுதான் பெரிய பாடாக இருந்தது. சட்டையைக் கழற்றிவிட்டுத்தானே உள்ளே போக வேண்டும், கையில் வெள்ளை வட்டமாக இது தெரியும், வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாம் ‘இது எந்தா சாமி’ என்று கேட்பார்கள். முதலில் கூச்சப்பட்டுக்கொண்டு சுவரோரமாகவே போய்வந்தார். பிறகு என்ன தோன்றியதோ, யார் கேட்டாலும் ‘என் பொண்ணு கானடாவிலேர்ந்து என் கையைப் பிடிச்சுண்டிருக்கா, அதான் இது’ என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அவர் சர்க்கரை உன் போனில் தெரிகிறது, நீ அங்கிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாய் என்பதில் அவ்வளவு பெருமை அவருக்கு. பாயசம் சாப்பிட்டால் ஒளிந்து சாப்பிடுவார், பத்து நிமிஷம் கழித்து உன் மெஸேஜ் வரும், ‘மாட்டிண்டேன்டி நாகு’ என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

ஓணம் முடிந்த வாரம் அவர் போனார். உனக்கு அனுப்ப நாரத்தங்காய் வாங்கப் போகிறேன் என்று சாலைக் கடைத்தெருவுக்குப் போனவர், திரும்புகிற வழியில் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாப்பில் சரிந்துவிட்டார். யாரோ நல்லவர்கள் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள், பிரயோஜனம் இல்லை, இதயம் நின்றுவிட்டது. அன்றைக்குக் காலையில் அவர் சர்க்கரை நூற்றுப்பன்னிரண்டு. நீ அங்கிருந்து ‘சூப்பர் அப்பா’ என்று அனுப்பியிருந்தாய், அதை என்னிடம் காட்டிவிட்டுத்தான் செருப்பை மாட்டினார். நீயும் நானும் எல்லாரும் அந்த ஒரு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம், எமன் வேறு வாசல் வழியாக வந்தான். உனக்கோ எட்டாம் மாதம், பிளேனில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாள். நீ அப்பாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பெரியப்பா பிள்ளை மஹேஷ்தான் கொள்ளி வைத்தான், மாசா மாசம் மாசிகமும் அவன்தான் செய்கிறான். பிரசவத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய நான் இங்கே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பற்றி எரிகிறது, போகட்டும்.

எனக்குச் சர்க்கரை ஏறியது அதற்குப் பிறகுதான். முன்பெல்லாம் ஒரு மாத்திரையோடு சரியாக இருந்தது. இந்தத் துக்கத்தில் சாப்பிட்டேனா, மாத்திரை போட்டேனா என்று யார் கண்டார்கள், தலை சுற்றிப் படுத்ததும் ஷைலஜா பார்த்துவிட்டு, டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். இன்சுலின் போட்டே ஆக வேண்டும், கொஞ்ச நாளைக்குச் சென்சரும் மாட்டிக்கொண்டால் நல்லது என்றார். அப்பாவின் அலமாரியில் பிரிக்காத டப்பாக்கள் இருந்தனவே, தேதி முடியவில்லை, தாராளமாக மாட்டலாம் என்று டாக்டர் சொன்னார். என் பட்டன் போனில் அது ஓடாது, அதனால் ஷைலஜா அப்பாவின் போனையே எடுத்து அதிலேயே சேர்த்துவிட்டாள். எங்கள் இருவருக்குமே வேறொன்றும் தோன்றவில்லை. எனக்கு அப்போதிருந்த கவலையெல்லாம் அதைக் கையில் வைத்துக்கொண்டு எப்படி வாழ்வது என்பதுதான். ஆண்பிள்ளைகளுக்கு வெறும் கை, நமக்கு ரவிக்கை இருக்கிறதே, கழற்றும்போது விளிம்பு மாட்டி இழுக்கும், ஒரு தடவை பாதி பெயர்ந்து ரத்தம்கூட வந்தது. பிறகு டெய்லர் வேலப்பனிடம் எல்லா ரவிக்கைக்கும் கையைப் பிரித்து லூஸாக்கித் தரச் சொன்னேன், இப்போது முதலில் மறு கையை உருவிவிட்டு, சென்சர் இருக்கிற கையைக் கடைசியில் மெதுவாக எடுக்கிறேன். வேர்வையில் ஓரம் கிளம்பாமலிருக்க மேலே ஒரு பிளாஸ்திரி. குளித்துவிட்டு அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். இதெல்லாம் வந்துவிட்டது. வராதது ஒன்றுதான், தூக்கம். முதலில் இடது கையில் மாட்டினாள், எனக்கு இடது பக்கம் ஒருக்களித்தால்தான் தூக்கம் வரும், உடம்பின் கனம் அதன் மேல் அழுந்தினால் சர்க்கரை இறங்கிவிட்டதாகப் பொய்யாகக் கத்துகிறது. அந்தப் பக்கம் படுக்காதீங்க மாமி என்று ஷைலஜா சொன்னாள். அந்தப் பக்கம்தான் அப்பாவின் கட்டில் என்று அவளிடம் எப்படிச் சொல்வது. வலது கையில் மாட்டிவிடு என்று மட்டும் சொன்னேன்.

மாட்டிய மறுநாளோ அதற்கு மறுநாளோ, பக்கத்து வீட்டில் நைவேத்தியம் என்று பால்பாயசம் கொடுத்தனுப்பினார்கள், வேண்டாம் வேண்டாம் என்றாலும் நாக்கு கேட்காமல் கொஞ்சம் சாப்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் அப்பாவின் போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்தால் நீ. ‘அப்பா, என்ன சாப்ட்டே? இப்படி ஏறிண்டே போறதே’ என்று இருந்தது. பழைய மெஸேஜ் ஏதோ திரும்ப வந்திருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். தேதியைப் பார்த்தேன், அன்றைய தேதி. அப்போதுதான் உறைத்தது, உன் போனில் என் சர்க்கரை அப்பா என்ற பெயரில் ஓடுகிறது. உன் போன் திரையில் நின்றுபோன கோடு மறுபடி ஓட ஆரம்பித்திருக்கிறது. உனக்குத் தெரியாமல் இல்லை, நான் சென்சர் மாட்டிக்கொண்ட அன்றே சொல்லியிருந்தேன், சரிம்மா நல்லதும்மா என்றாய். தெரிந்தும் அனுப்பியிருக்கிறாய். போனைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பு மேடையிலேயே சாய்ந்து நின்றேன். உனக்குப் போன் பண்ணி, ஸ்ரீ, இது அப்பா இல்லைடி என்று சொல்லியிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை கண்ணு. அவர் எப்போதும் எப்படி எழுதுவாரோ அப்படியே ‘ஒரே ஒரு ஸ்பூன், பகவான் பிரசாதம், வேண்டாம்னு சொல்ல முடியுமா’ என்று என் விரல் அடித்துவிட்டது. நீ உடனே சிரிக்கிற பொம்மை அனுப்பினாய். அவர் போன பிறகு நீ சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன், பொம்மைதான் என்றாலும்.

அப்புறம் அதுவே நடந்துகொண்டிருந்தது. நீ அப்பா என்று அனுப்புவாய், நான் அப்பாவாகப் பதில் போடுவேன். நடந்தியா என்று கேட்பாய், பத்மதீர்த்தக் குளத்தைச் சுற்றி வந்தேன் என்று போடுவேன், உண்மையில் நான் வாசலைக்கூடத் தாண்டியிருக்க மாட்டேன். எனக்கும் அது வேண்டியிருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அவர் வார்த்தையை அடிக்கும்போது அவர் இன்னும் இந்த வீட்டில் பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. ஆனால் என் போனுக்கு வருகிற உன் பேச்சு குறைந்துகொண்டே வந்ததைக் கவனித்தாயா நீ. சாப்ட்டியாம்மா, சரிம்மா, குட்டி எழுந்துட்டாம்மா, அவ்வளவுதான். நாள் முழுக்க அப்பாவோடு பேச்சு, அம்மாவோடு இரண்டு வார்த்தை. பச்சை உடம்புக்காரி, ராத்திரி தூக்கம் இல்லாதவள் என்று என்னையே சமாதானம் பண்ணிக்கொண்டேன். ஒருநாள் மாப்பிள்ளை தனியாகப் போன் பண்ணினார். பால் கொடுக்கும்போது போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ‘தாத்தா இன்னிக்கு நூத்தி முப்பதுடி, நன்னா இருக்கார்’ என்று குழந்தையிடம் சொல்கிறாயாம் நீ. ‘எனக்குப் பயமா இருக்கும்மா, நான் சொன்னா கோச்சுக்கறா, நீங்கதான் சொல்லணும்’ என்றார். சொல்கிறேன் என்று சொன்னேன். சொல்லவில்லை.

போன மாதம் மாசிகத்தன்று என்ன நடந்தது என்று உனக்கு முழுசாகத் தெரியாது. காலையில் எழுந்ததும் பழக்கத்தில் இன்சுலினைப் போட்டுக்கொண்டுவிட்டேன். போட்டால் அரை மணிக்குள் சாப்பிட வேண்டும். வாத்தியார் சீக்கிரமே வந்துவிடுவார் என்ற நினைப்பு. அவருக்கு வேறொரு வீட்டில் தாமதமாகி, வந்து உட்காரவே வெயில் ஏறிவிட்டது. பித்ருக்களுக்குக் கொடுக்காமல், பிராமணர்கள் சாப்பிடாமல் நான் எப்படி வாயில் போடுவேன், அதுவும் அவருடைய மாசிகத்தில். கொஞ்சம் படபடவென்று வந்தது, அடுப்புச் சூடு என்று நினைத்தேன். கூடத்து ஷெல்ஃபில் அப்பாவின் போன் கீகீ என்று கத்திக்கொண்டிருந்தது. மஹேஷ் ஈர வேஷ்டியும் பவித்ரமுமாக உட்கார்ந்திருந்தான், நான் மடி, வாத்தியார் மந்திரத்தில், அதைத் தொடுவதற்கு அந்த வீட்டில் ஆளில்லை. கத்தல் நின்று ரிங் அடித்தது, அது நீ என்று எனக்குத் தெரிந்தது, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டேன், கால் நடுங்கியது, கண் இருட்டிக்கொண்டு வந்தது. ரிங் நின்றது, மறுபடி அடித்தது. அப்புறம் மாடிப்படியில் தடதடவென்று சத்தம், ஷைலஜா நைட்டியோடு ஓடி வந்து, மடியாவது ஒன்றாவது, நேராக உள்ளே புகுந்து சர்க்கரையைக் கரைத்து என் வாயில் ஊற்றினாள். வாத்தியார் எழுந்து வந்து பார்த்துவிட்டு, ‘மாமி, நீங்க மொதல்ல சாப்டுங்கோ, மாமா கோச்சுக்க மாட்டார்’ என்றார். எல்லாம் தெளிந்து நான் உட்கார்ந்த பிறகுதான், நீ அவளுக்குப் போன் பண்ணி அழுததை ஷைலஜா ஒரு மாதிரி முகத்தோடு சொன்னாள், ‘மோள் கரயுகயாயிருந்நு மாமி. அப்பாவுக்குப் பசிக்கறது சேச்சி, யாராவது போய் ஏதாவது குடுங்கோன்னு ஒரே கரச்சில். எனிக்கு எந்து பறயணம்னு தெரியல்ல.’

அப்பாவுக்குப் பசிக்கிறது என்று சொன்னாயாம். இலையில் அவருக்குப் பிண்டம் வைத்துக்கொண்டிருந்த நேரத்தில். அன்றைக்கு முழுக்க அந்த வார்த்தையை நினைத்து நினைத்து அழுதேன், உனக்காகவும் அவருக்காகவும். மறுநாள் எனக்குக் கோபம் வந்தது ஸ்ரீ, மறைப்பானேன். பசித்தது எனக்குடி. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நடுங்கியது நான். நீ அத்தனை தூரத்திலிருந்து பதறியடித்துக்கொண்டு என்னைக் காப்பாற்றியிருக்கிறாய், ஆனால் உனக்கு என் பெயர் வாயில் வரவில்லை. நான் விழுந்திருந்தால்கூட அங்கே அப்பாவின் கோடுதான் நின்றிருக்கும். பெற்ற அப்பனோடு என்ன போட்டி, அதுவும் போன மனுஷனோடு என்று நீ கேட்கலாம். போட்டி இல்லைம்மா. இந்த வீட்டில் இன்னும் ஒரு உயிர் மிச்சம் இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

உன்னிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. வயிற்றில் குழந்தையோடு இருந்தாய், யாரும் சொல்லக் கூடாது என்று நானே தடுத்துவிட்டேன். நீ பார்க்காததால்தான் உனக்கு அவர் போனது மனதில் இறங்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன். அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். குளிப்பாட்டுவதற்கு முன் உடம்பில் இருப்பதையெல்லாம் எடுக்க வேண்டும் என்றார்கள். மோதிரத்தை மஹேஷ் கழற்றினான். கையில் இருந்த சென்சரை யாரோ பிடித்து இழுக்கப் போனார்கள், நான் சத்தம் போட்டுவிட்டேன். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஓரமெல்லாம் எண்ணெய் தடவி, கொஞ்சம் ஊறவிட்டு, வலிக்காமல் மெதுவாக நானே எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் எடுப்பேன், இல்லாவிட்டால் ரோமம் இழுக்கிறது என்று கத்துவார். ‘இனிமே என்ன மாமி வலி’ என்று யாரோ சொன்னார்கள். நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அந்த இடம் மட்டும் வெளுப்பாக வட்டமாக இருந்தது, அதைத் துடைத்துவிட்டேன். நான் எடுத்த பிறகுதான் உன் போனில் கோடு நின்றது. அங்கே உட்கார்ந்து நீ அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாய் என்று மாப்பிள்ளை அப்புறம் சொன்னார். உன் கையை அவர் கையிலிருந்து பிரித்தது நான்தான் ஸ்ரீ. வலிக்காமல் பிரித்தேன், அதை மட்டும் நம்பு. அவர் போய்விட்டார்டி கண்ணு. நல்ல எண்ணோடு, உன் மெஸேஜைப் படித்துவிட்டு, உனக்கு நாரத்தங்காய் வாங்கிய பையோடு போனார். உன்மேல் ஒரு குறையும் இல்லை, நீ பார்க்கத் தவறியது எதுவும் இல்லை.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மஹேஷ் தன் பழைய டச் போனை எனக்குக் கொடுத்திருக்கிறான். நீ இதைப் படித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்ன பிறகு, அடுத்த சென்சரை ஷைலஜா அந்தப் போனில் என் பெயரில் போட்டுத் தருவாள். அதுவரை மாற்ற மாட்டேன், உன்னிடம் சொல்லாமல் எதுவும் செய்ய மாட்டேன். மாற்றுகிற அன்று அப்பா பெயரில் ஓடுகிற கோடு மறுபடியும் நிற்கும். பயப்படாதே, அவர் இன்னொரு தடவை போகவில்லை. அப்போது மாப்பிள்ளையைப் பக்கத்தில் இருக்கச் சொல்லு, அழ வேண்டுமென்றால் நன்றாக அழு, அடக்கிக்கொள்ளாதே, அங்கே ஒரு டாக்டரிடமும் மனதுவிட்டுப் பேசு, அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அப்பாவின் போனை நான் தூக்கிப் போட மாட்டேன், சார்ஜ் போட்டு அலமாரியில் வைத்திருப்பேன். அவரோடு பேச வேண்டும்போல இருந்தால் அனுப்பு, நானும் சமையலறையில் அவரோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இனிமேல் அவர் பதில் போட மாட்டார் ஸ்ரீ. எனக்கும் அது கஷ்டம்தான்.

குழந்தைக்குத் தலையில் ரொம்ப எண்ணெய் வைக்காதே, அந்தக் குளிருக்கு ஆகாது. அங்காயப் பொடியை முதல் கவளத்தில் நெய்விட்டுச் சாப்பிடு. மாசிகத்தன்று இனி இன்சுலின் எப்போது, சாப்பாடு எப்போது என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன், வாத்தியாரும் சீக்கிரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார், என்னைப் பற்றி அந்தக் கவலை வேண்டாம். பத்மநாபஸ்வாமி உங்கள் மூன்று பேரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், குட்டி நூறு வயது இருக்கட்டும்.

மறக்காதே, புதிய சென்சர் போட்டதும் என் சர்க்கரையை உனக்குக் காட்ட உன் போனுக்கு ஒரு மெஸேஜ் வரும், யாருடையது என்று பெயர் போடச் சொல்லிக் கேட்குமாம். அம்மா என்று போடு. போட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக்கொள்.

இப்படிக்கு,
உயிரோடு இருக்கும் உன் அம்மா
நாகலக்ஷ்மி